கரும்புத் தோட்டமும் இரண்டு கணக்கு மொழிகளும்



சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு மாலையில், நம் பள்ளியின் பழைய மாணவி ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். பத்தாம் வகுப்பில் என்னிடம் கணிதம் படித்தவள். இன்று வேளாண்மையில் ஆராய்ச்சி செய்பவள். தோளில் மடிக்கணினிப் பை. முகம் வாடியிருந்தது. “மிஸ், ஒரே கணக்கைத்தான் போட்டேன். ரெண்டு விடை வருது. ரெண்டும் எதிரெதிரா வருது” என்றாள்.

அவளுடைய பெயரும் கல்லூரியின் பெயரும் இங்கே வேண்டாம். அவள் கொண்டுவந்த சிக்கல் புள்ளியியலைத் தொடும் எவருக்கும் என்றேனும் ஒரு நாள் வரக்கூடியது. ஆதலால் அதையே இவ்வாண்டு மலருக்குப் பாடமாக எடுத்துக்கொண்டேன். கணிப்பொறியைத் தொட்டறியாத பெற்றோரும் தொடர்ந்து படிக்கலாம். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

அவளுடைய தந்தையார் ஈரோட்டுப் பக்கம் காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் கரும்பும் மஞ்சளும் வைப்பவர். மகளும் கரும்பையே ஆராய்ச்சிக்கு எடுத்தாள். பழைய கரும்பு இனம் ஒன்று, புதிய இனம் ஒன்று. இரண்டையும் வாய்க்கால் பாசன நிலத்திலும், சத்தியமங்கலம் மலையடிவாரத்துக் கிணற்றுப் பாசன நிலத்திலும் பாத்தி பாத்தியாக நட்டு, எது கூடுதல் விளைச்சல் தருகிறது என்று எடை போட்டுப் பார்ப்பதே அவளது ஆராய்ச்சி. முதலில் கல்லூரிக் கணிப்பொறியில் எஸ்.பி.எஸ்.எஸ். என்னும் மென்பொருளில் கணக்கைப் போட்டாள். புதிய இனம் மேல் என்று வந்தது. இடையில் அந்த மென்பொருளின் உரிமக் காலம் முடிந்துவிட்டது. புதுப்பிக்கும் கோப்பு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்க, ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. வீட்டில் தன் மடிக்கணினியில் ‘ஆர்’ என்னும் இலவச மொழியை இறக்கிக்கொண்டு அதே கணக்கைத் திரும்பவும் போட்டாள். பழைய இனம் மேல் என்பதுபோல் விடை வந்தது.

வழிகாட்டும் பேராசிரியர், “எதை எழுதப் போகிறாய்?” என்று கேட்டுவிட்டார். அதற்குத்தான் அவள் வந்திருந்தாள்.

கரும்புக்கும் கணக்குக்கும் நம் கோவையில் பழைய உறவு உண்டு. 1912-ல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. பார்பர் அவர்களும் டி.எஸ். வெங்கட்ராமன் அவர்களும் நாட்டுக் கரும்பைக் காட்டுக் கரும்போடு கலந்து புதிய இனங்களை உண்டாக்கினார்கள். 1918-ல் வெளிவந்த ‘கோ 205’ அவ்வாறு பிறந்தது. அந்தக் ‘கோ’ என்பது நம் கோயம்புத்தூரின் முதலெழுத்து என்பதை மாணவிகள் மறக்கக் கூடாது. பஞ்சாபின் வயல்களில் அந்தப் பெயர் வேரூன்றியது நமக்கெல்லாம் பெருமையே. 1930-களில் அந்நிலையத்தில் பணியாற்றி, கரும்பைச் சோளம் போன்ற பிற புல்லினங்களோடும் கலந்து பார்த்தவர் ஜானகி அம்மாள் என்னும் பெண்மணி. பெண்கள் ஆய்வுக்கூடத்தில் நுழைவதே அரிதாயிருந்த காலம் அது.

ஆனால் ஓர் இனம் மற்றோர் இனத்தைவிட மேலானது என்று எப்படி அறிவது? ஒரு பாத்தியில் மண் நல்லது, மற்றொன்றில் சுண்ணாம்புக்கல். ஒன்றுக்குத் தண்ணீர் முதலில் பாயும், மற்றொன்றுக்குக் கடைசியில். விளைச்சல் கூடியது இனத்தாலா, மண்ணாலா? இந்தக் கேள்விக்கு விடை காணும் முறையை வகுத்தவர் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் 1919-ல் பணியில் சேர்ந்த ஆர்.ஏ. ஃபிஷர். விளைச்சலில் காணும் வேறுபாட்டை மண்ணின் பங்கு, இனத்தின் பங்கு, தற்செயலின் பங்கு என்று பிரித்துக் காட்டும் ‘மாறுபாட்டுப் பகுப்பாய்வு’ அவர் தந்த கருவி. நம் மாணவி போட்ட கணக்கும் அதுவே.

கணக்கு முறை ஒன்றாயிருக்க, அதைப் போடும் கருவிகள் இரு வகையாக வளர்ந்தன. அந்தக் கதை தெரிந்தால்தான் பிறகு சொல்வது விளங்கும்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில், வேளாண் பரிசோதனைகளின் எண்களை ஆராய்வதற்காக 1966-ல் ஒரு பணி தொடங்கிற்று. அதுவே எஸ்.ஏ.எஸ். ‘சாஸ்’ என்று சொல்வார்கள். 1976-ல் அது தனி நிறுவனமாயிற்று. எஸ்.பி.எஸ்.எஸ். என்பது 1968-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில், சமூக அறிவியல் ஆய்வுகளுக்காக நார்மன் நை என்பவரும் அவருடைய நண்பர்கள் இருவரும் உண்டாக்கியது, 2009-ல் ஐ.பி.எம். நிறுவனம் அதை வாங்கியது. இவை விலைக்கு விற்கப்படும் மென்பொருள்கள். அவற்றின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பயன்படுத்துவோர் திறந்து பார்க்க இயலாது. உரிமக் காலம் முடிந்தால் கதவு சாத்திக்கொள்ளும். நம் நாட்டு வேளாண் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் வேளாண் பல்கலைக்கழகங்களுக்கும் 2009-ல் தொடங்கிய ஒரு தேசியத் திட்டத்தின் வழியாக எஸ்.ஏ.எஸ். வழங்கப்பட்டது. டெல்லியிலுள்ள வேளாண் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனம் அதற்குத் தலைமை தாங்கியது. ஆராய்ச்சியாளர் பலருக்குக் கணிப்பொறிக் கணக்கில் துணிவு வந்தது அந்தத் திட்டத்தால்தான் என்பதை மறைக்கக் கூடாது.

மறுபக்கம், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு ஆசிரியர்கள் தம் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக ஒரு மொழியை எழுதினார்கள். 1976-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்த ‘எஸ்’ என்ற மொழியே அதற்கு முன்மாதிரி. இருவர் பெயரின் முதலெழுத்தும் ‘ஆர்’ ஆதலால் மொழிக்கும் ‘ஆர்’ என்றே பெயரிட்டனர். 1995-ல் பொது உரிமத்தின் கீழ் அதை உலகுக்குக் கொடுத்துவிட்டார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம். இதைத்தான் ‘திறந்த மூலம்’ என்கிறார்கள். சமையல் குறிப்போடு சேர்த்துப் பலகாரத்தைக் கொடுப்பதைப் போன்றது. டச்சு நாட்டவரான கீடோ வான் ராசம் 1991-ல் வெளியிட்ட ‘பைத்தான்’ மொழியும் இவ்வகையே. ஆர் மொழிக்கென்று உலகெங்கும் பலர் எழுதிக் கொடுத்துள்ள துணைத் தொகுப்புகள் இன்று 20,000-க்கும் மேல்.

இனி, நம் மாணவியின் கணக்கு.

அவளுடைய எண்கள் ஆய்வேட்டுக்கு உரியவை. ஆதலால் உங்களுக்காக நானே சுலபமான எண்களை வைத்துச் சொல்கிறேன். வாய்க்கால் நிலத்தில் பழைய இனத்துக்கு மூன்று பாத்தி, புதிய இனத்துக்கு மூன்று பாத்தி. மலையடிவாரத்திலும் அவ்வாறே. ஆக மொத்தம் 12 பாத்திகள். திட்டம் அழகானதுதான். ஆனால் மலையடிவாரத்தில் ஓர் இரவு யானை இறங்கிப் பழைய இனத்துப் பாத்திகள் இரண்டை முடித்துவிட்டது. வாய்க்கால் நிலத்துக்காரரோ, எடை போடும் நாளுக்கு முன்பே வெட்டு ஆட்கள் கிடைத்தார்கள் என்று புதிய இனத்துப் பாத்திகள் இரண்டை வெட்டி ஆலைக்கு அனுப்பிவிட்டார். எஞ்சியவை எட்டுப் பாத்திகள்.

வாய்க்கால் நிலத்தில் பழைய இனம் மூன்று பாத்தி, ஏக்கருக்கு 50 டன் வீதம். புதிய இனம் ஒரு பாத்தி, 52 டன். மலையடிவாரத்தில் பழைய இனம் ஒரு பாத்தி, 30 டன். புதிய இனம் மூன்று பாத்தி, 32 டன் வீதம்.

ஒரு தாளை எடுத்துச் சராசரி பாருங்கள். பழைய இனம்: மூன்று ஐம்பது 150, அதோடு 30, மொத்தம் 180, நான்கால் வகுக்க 45 டன். புதிய இனம்: 52, அதோடு மூன்று முப்பத்திரண்டு 96, மொத்தம் 148; நான்கால் வகுக்க 37 டன். பழைய இனம் 8 டன் மேல்!

இப்போது ஒவ்வொரு நிலத்தையும் தனியே பாருங்கள். வாய்க்கால் நிலத்தில் 50-க்கு எதிர் 52. மலையடிவாரத்தில் 30-க்கு எதிர் 32. இரண்டு இடத்திலும் புதிய இனமே 2 டன் மேல்.

எட்டே எண்களில் இத்தனை குழப்பம்! எந்தக் கணிப்பொறியும் பொய் சொல்லவில்லை. நல்ல நிலத்தில் பழைய இனத்துக்குப் பாத்திகள் அதிகமாக மிஞ்சிவிட்டன. நிலத்தின் வளம் இனத்தின் கணக்கில் ஏறிவிட்டது. அவ்வளவே.

எஸ்.பி.எஸ்.எஸ். தானாகவே கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு. ஆர் மொழியின் சாதாரணக் கட்டளை கேட்கும் கேள்வி வேறு. ஆர், நாம் எழுதிய வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். நம் மாணவி ‘விளைச்சல் ~ இனம் + வயல்’ என்று எழுதியிருந்தாள். இனம் முதலில் நின்றதால், வயலைப் பற்றி எதுவும் அறியாமலே இனத்துக்கு உரிய பங்கு கணக்கிடப்பட்டது. இதை முதல் வகைக் கூட்டுத்தொகை என்பர். எஸ்.பி.எஸ்.எஸ். சொல்லாமலே எடுத்துக்கொள்வது மூன்றாம் வகை. அதாவது மற்றெல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகு இனத்துக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பது. எல்லாப் பாத்திகளும் பிழைத்திருந்தால் இரண்டு வகையும் ஒரே விடையைத் தந்திருக்கும். யானை வந்ததால் பிரிந்தன. (எஸ்.ஏ.எஸ். இவ்விரண்டு வகையையும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டுத் தருகிறது. நல்ல வழக்கம். ஆனால் இரண்டாவது அட்டவணையை எத்தனை பேர் படிக்கிறார்கள்?)

“வயலை முன்னால் போட்டு, இனத்தைப் பின்னால் போடு” என்றேன். போட்டாள். இனத்துக்கு உரிய வரியில் எஸ்.பி.எஸ்.எஸ். தந்த எண்ணே கடைசித் தசமம் வரை வந்து நின்றது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பிறகு அவளது கல்லூரியில் உரிமம் புதுப்பிக்கப்பட்டது. அப்போது அவள் கேட்டாள்: “மிஸ், இனி நான் எதில் போடுவது? அதிலா, இதிலா?” இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பதே என் விடை. அதற்கான வாசல்களை விலை மென்பொருள் நிறுவனத்தாரே திறந்து வைத்திருக்கிறார்கள்.

எஸ்.பி.எஸ்.எஸ். 2005-ல் பைத்தானையும், 2007-ல் ஆர் மொழியையும் தன் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டது. கட்டளைத் தாளில் ‘பிகின் புரோகிராம் ஆர்’ என்று ஒரு வரி எழுதி, அதன்கீழ் ஆர் மொழியில் வேண்டியதை எழுதி, ‘எண்ட் புரோகிராம்’ என்று முடித்தால், நடுவில் உள்ளதை ஆர் செய்து முடித்து விடையைத் திருப்பிக் கொடுக்கும். எஸ்.ஏ.எஸ்.-இல் ஐ.எம்.எல். என்ற பகுதி இதே வேலைக்கு உரியது. 2010-ஐ ஒட்டி இந்த வசதி வந்தது. ஆனால் அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆர் மொழி உள்ளே வரலாம் என்று கணிப்பொறியைக் கவனிப்பவர் முன்கூட்டியே அனுமதி தந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயிலிலேயே நிறுத்திவிடும். நம் விடுதியில் பார்வையாளர் சீட்டு இல்லாமல் யாரையும் உள்ளே விடாததுபோல! ஸ்டாட்டா என்ற மற்றொரு மென்பொருள் 2019-ல் பைத்தானுக்கு இடம் கொடுத்தது.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. 2017-ல் எஸ்.ஏ.எஸ். நிறுவனத்தாரே ‘சாஸ்பை’ என்ற தொகுப்பைத் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். இதில் பைத்தானில் உட்கார்ந்துகொண்டே எஸ்.ஏ.எஸ்.-ஐ வேலை வாங்கலாம். மூன்றாவது வழி எளியது. ஆர் மொழியில் ‘ஹேவன்’ என்ற தொகுப்பு உண்டு, எஸ்.பி.எஸ்.எஸ்., எஸ்.ஏ.எஸ்., ஸ்டாட்டா ஆகியவற்றின் கோப்புகளை நேரே படித்துவிடும். உரிமம் முடிந்த மென்பொருளில் சிக்கிய கோப்பை மீட்க இதுவே வழி. முன்பே தெரிந்திருந்தால் நம் மாணவி ஒரு வாரம் உட்கார்ந்து எண்களை மறுபடி கையால் தட்டியிருக்க வேண்டியதில்லை.

அண்டை மாநிலத்தில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தார் ‘கிரேப்ஸ்’ என்று ஒன்றை அமைத்திருக்கிறார்கள். உள்ளே ஆர் மொழி ஓடுகிறது. வெளியே பொத்தான்களை அழுத்தினால் போதும். மொழி கற்க நேரமில்லாத வேளாண் மாணவர்களுக்கு நல்ல உதவி.

விலை மென்பொருளைத் தூக்கி எறிய வேண்டும் என்பார் சிலர். நான் அதற்கு உடன்படவில்லை. இருபது ஆண்டுக் கோப்புகள் அதில் கிடக்கின்றன. அதை நம்பி எழுதிய முறைகள் இருக்கின்றன. பழுது வந்தால் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். இலவசம் என்பதற்காகவே ஆர் மொழியை ஐயப்படுவோரும் உண்டு. அவர்களுக்கும் நான் உடன்படவில்லை. திறந்து வைத்த கணக்கை ஐயப்படுவதற்கும் மூடி வைத்த கணக்கை நம்புவதற்கும் காரணம் ஏது?

ஆனால் வாசல் திறந்துவிட்டது என்று மகிழ்ந்து நின்றுவிட இயலாது. எண்கள் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் போகும். அவற்றின் பொருள் சில வேளை வாசலிலேயே நின்றுவிடும். மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு வராத பெண்ணுக்கு மதிப்பெண் என்ன? பூச்சியம் அன்று, வரவில்லை, அவ்வளவே. இந்த ‘வரவில்லை’ என்பதை எஸ்.ஏ.எஸ். ஒரு புள்ளியாக வைக்கிறது. ஆனால் ஒப்பிடும்போது அந்தப் புள்ளி எல்லா எண்களையும்விடச் சிறியது என்று கொள்கிறது. ‘35-க்குக் குறைவாக எடுத்தவர்கள்’ என்று கேட்டால் வராதவளும் அந்தப் பட்டியலில் வந்து நிற்பாள். ஸ்டாட்டாவில் அந்தப் புள்ளி எல்லா எண்களையும்விடப் பெரியது. ‘90-க்கு மேல்’ என்று கேட்டால், காய்ச்சலில் படுத்திருந்தவள் முதல் வரிசையில் பரிசு வாங்க வந்துவிடுவாள்! ஆர் மட்டும், “எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிடும். எண்களை மாற்றியவர் இதை அறியாவிட்டால், ஒரே கேள்விக்கு மூன்று வீட்டில் மூன்று பட்டியல்.

அடுத்தது 99. கணக்கெடுப்புகளில் ‘பதில் சொல்லவில்லை’ என்பதற்கு 99 என்று போடுவது வழக்கம். எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் அதை ஒரு முறை அறிவித்துவிட்டால், அது 99-ஐக் கணக்கில் சேர்க்காது. ஆனால் அந்தக் கோப்பை வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றி எடுத்துச் சென்றால் அறிவிப்பு அங்கேயே தங்கிவிடும். 99 மட்டும் போகும். பள்ளிக்கு நடந்து வர எத்தனை நிமிடம் என்று பத்து மாணவிகளைக் கேட்டோம் என்று வையுங்கள். எட்டுப் பேர் பத்துப் பத்து நிமிடம் என்றார்கள். இருவர் பதில் சொல்லவில்லை. சரியான சராசரி 10 நிமிடம். 99 இரண்டையும் சேர்த்தால் 278-ஐப் பத்தால் வகுத்து 27.8 நிமிடம் வரும். அந்த எண்ணை நம்பிப் பள்ளிப் பேருந்துக்கு விண்ணப்பம் போட்டால் எப்படி இருக்கும்?

மூன்றாவது தேதி. எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. கணிப்பொறிக்குத் தேதி என்று ஒன்று கிடையாது; ஏதோ ஒரு நாளிலிருந்து எண்ணிய எண்தான் உண்டு. எஸ்.ஏ.எஸ். 1960 ஜனவரி 1-ஐப் பூச்சியமாக வைத்து நாள்களை எண்ணுகிறது. ஆர் 1970 ஜனவரி 1-ஐ வைத்து எண்ணுகிறது. 2020 பொங்கலன்று, ஜனவரி 15-ல், நட்ட கரும்பு எஸ்.ஏ.எஸ். கணக்கில் 21,929-ஆம் நாள். ஆர் கணக்கில் 18,276-ஆம் நாள். வித்தியாசம் 3,653. எஸ்.ஏ.எஸ். கோப்பிலிருந்து தேதி என்ற அடையாளம் விடுபட்டு வெறும் எண்ணாக அது வந்து சேர்ந்தால், ஆர் அதை 2030 ஜனவரி 15 என்று படித்துவிடும். நம் மாணவிக்கு ஒரு மூத்த மாணவர் கொடுத்த கோப்பில் இப்படித்தான் சில பாத்திகள் நடுவதற்குப் பல ஆண்டு முன்பே அறுவடையாகியிருந்தன!

எஸ்.பி.எஸ்.எஸ். இன்னும் விசித்திரமானது. அது நொடிகளை எண்ணுகிறது. எண்ணத் தொடங்குவது 1582 அக்டோபர் 14-லிருந்து. ஏன் அந்த நாள்? மறைக்கல்வி வகுப்பில் கவனமாயிருந்தவர்களுக்கு இது நினைவு வரலாம். பழைய நாட்காட்டி சூரியனோடு பத்து நாள் பிசகிவிட்டதால், திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி அதைத் திருத்தினார். 1582 அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆயிற்று. அவிலா நகர்ப் புனித தெரசாள் இறந்தது சரியாக அந்த இரவில்தான். அவருடைய திருநாளை நாம் அக்டோபர் 15-ல் கொண்டாடுவது அதனாலேயே. நாம் இன்று பின்பற்றும் நாட்காட்டி பிறந்த அந்த இரவிலிருந்தே எஸ்.பி.எஸ்.எஸ். நொடிகளை எண்ணி வருகிறது. அதன் கணக்கில் 2020 பொங்கல் காலை பிறந்தது 1,379 கோடியே 84 லட்சத்து 25 ஆயிரத்து 600-ஆவது நொடியில். இன்னொரு சுவையும் உண்டு. நூறால் வகுபடும் ஆண்டு நானூறால் வகுபட்டால் மட்டுமே லீப் ஆண்டு என்பதும் கிரகோரியாரின் விதியே. ஆர் மொழியின் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது 2000 பிப்ரவரி 29-ல்!

விடுமுறையில் ஒரு கணக்கு: உங்கள் பிறந்த நாள் எஸ்.ஏ.எஸ். எண்ணிக்கையில் எத்தனையாவது நாள், ஆர் எண்ணிக்கையில் எத்தனையாவது நாள் என்று கையால் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 3,653 வராவிட்டால் எங்கோ ஒரு லீப் ஆண்டை விட்டுவிட்டீர்கள்.

எங்கள் காலத்தில் கணக்குத் தேர்வில் வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது. மென்பொருளில் பொத்தானை மட்டும் அழுத்தி விடை எடுப்பதும் அப்படிப்பட்டதே. எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் ‘பேஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. நாம் அழுத்தித் தேர்ந்ததையெல்லாம் கட்டளை வரிகளாக எழுதிக் கொடுத்துவிடும். அந்த வரிகளையும் ஆர் வரிகளையும் ஒரே தாளில் பத்திரப்படுத்தும்படி நம் மாணவிக்குச் சொன்னேன். அவ்வாறே ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவள் சேர்த்தாள்: எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த வகைக் கூட்டுத்தொகை, யானை தின்ற பாத்திகள் எவை, வெட்டி அனுப்பிய பாத்திகள் எவை, எல்லாம். பதிப்பு எண்ணைக் குறிப்பது வீண் வேலை என்று நினைக்காதீர்கள். எஸ்.பி.எஸ்.எஸ்.-இன் ஒவ்வொரு பதிப்பும் ஆர் மொழியின் குறிப்பிட்ட ஒரு பதிப்போடுதான் பேசும். வேறொன்றை நிறுவினால் வாய் திறக்காது.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் முதலில் திருப்பியது அந்தப் பின்னிணைப்பைத்தானாம். அரை மணி நேரம் யானையைப் பற்றியே கேட்டாராம்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவளுடைய தந்தையார் பள்ளிக்கு வந்தார். கையில் ஓலைக்கூடை நிறைய அச்சு வெல்லம். மதரிடமும் சிஸ்டர்களிடமும் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து, “ஏனுங் டீச்சர், புள்ள என்னென்னமோ சொல்லுதுங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. கடைசியா நான் எந்தக் கரும்பைத்தானுங் நடறது?” என்றார்.

ஆய்வேட்டின்படி இரண்டு நிலத்திலும் புதிய இனம் சற்று மேல் என்றேன். ஆனால் அது முதல் நடவுக் கணக்கு. மறுதாம்பில் எப்படி வரும் என்று அவள் இன்னும் எடை போடவில்லை என்பதையும் சொன்னேன். சிறிது நேரம் யோசித்தார்.

“அப்பப் பாதி பாதி வெக்கறனுங்க. ஆனா இந்தத் தடவை ஆள் கெடைச்சாலும் அது சொல்றதுக்கு முன்னால வெட்ட மாட்டனுங்க” என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த இரண்டு பாத்திகள் யாருடைய வயலில் இருந்தன என்று.